ஆளுக்கேற்ற பயிற்சி தந்த ஆசான் கிருஷ்ணமாச்சாரியார்

மைசூர் விஜயநகரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அங்குள்ள யோக நரசிம்மர் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் லட்டுப் பிரசாதம் வாங்க அங்கே நீண்ட வரிசை நிற்கும். கால்களை மடக்கி, முழங்கால்களைச் சுற்றி யோகப் பட்டை கட்டி, அசையாமல் அமர்ந்திருப்பது யோக நரசிம்மரின் கோலம். அடுத்த பேட்டையான கோகுலத்துக்குப் போனால், விடியற்காலையில் சுருட்டிய பாயைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும் வெளிநாட்டினரைக் காணலாம். யோகாசனம் கற்றுக்கொள்வதற்காகவே கடல் கடந்து வந்து, வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் அவர்கள்.

இவர்களை மைசூருக்கு இழுத்து வந்த கலை இந்த ஊரில் தழைத்த கதை பலருக்குத் தெரியாது. அதன் நடுவே நிற்பவர் ஓர் ஏழைப் பண்டிதர். காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்துப் பிழைத்தவர். மகாராஜாவின் ஆதரவால் உயர்ந்து, அந்த ஆதரவு போனதும் அறுபது வயதுக்கு மேல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியவர். கடல் கடந்து ஒருமுறைகூடப் போகாமலே, தம் மாணவர்கள் வழியாக உலகெங்கும் அறியப்பட்டவர். அவர்தான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

தகப்பனாரே முதல் குரு

இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் முசுகுந்தபுரம் என்னும் சிற்றூரில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி கிருஷ்ணமாச்சாரியார் பிறந்தார். தந்தை சீனிவாச தாத்தாச்சாரியார், தாயார் ரங்கநாயகியம்மாள். தாத்தாச்சாரியார் குடும்பம் தன் பரம்பரையை நாதமுனிகள் வரை கொண்டு போகும் வைணவக் குடும்பம். காட்டுமன்னார்கோயிலில் தோன்றி நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த அதே நாதமுனிகள்தான். அவர் யோகத்திலும் வல்லவர் என்பது வைணவ மரபு. எனவே கன்னட நாட்டில் பிறந்தாலும், கிருஷ்ணமாச்சாரியாரின் வேர் தமிழ் மண்ணையும் தொட்டு நின்றது.

எழுத்தும் வேதமும் ஆசனமும் அவருக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் தந்தையே. ஆனால் மகனுக்குப் பத்து வயதாகும்போது அவர் காலமாகி விட்டார். குடும்பம் மைசூருக்கு வந்தது. அங்கே பரகால மடத்தின் பீடாதிபதியாக இருந்தவர் அவர்களுடைய உறவினர். மடத்தில் சேர்ந்து தர்க்கமும் வியாகரணமும் வேதாந்தமும் படித்தான் சிறுவன். பரகால மடம் இருப்பது ஜகன்மோகன் அரண்மனைக்குப் பக்கத்தில். அந்த அரண்மனைக்குள் பிற்காலத்தில் தாம் ஆசானாக நுழையப் போகிறோம் என்று சிறுவனுக்கு அப்போது தெரிந்திருக்காது.

பதினாறாம் வயதில் அவர் தமிழ்நாட்டுக்கு யாத்திரை வந்தார். நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரியில், நாதமுனிகளே தமக்குக் காட்சி தந்து யோக ரகசியம் என்னும் மறைந்து போன நூலைச் சொல்லிக் கொடுத்ததாக அவர் கூறி வந்தார். இது நம்பிக்கையைப் பொறுத்த செய்தி. அந்த யாத்திரை அவருடைய வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது என்பதில் ஐயமில்லை.

காசியும் கயிலையும்

பிறகு காசிக்குப் போனார். கையில் பணமில்லை. துறவிகளைப் போல நாளொன்றுக்கு ஏழு வீடுகளில் மட்டும் பிட்சை கேட்டு, கிடைத்த கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்து சுட்டுத் தின்று படித்தார் என்று அவருடைய மகன் எழுதியிருக்கிறார். மைசூருக்குத் திரும்பி, மீண்டும் வடக்கே போய், பல ஆண்டுகள் தரிசன சாஸ்திரங்கள் ஆறையும் கற்றார். ஆயுர்வேதமும் படித்தார். சமஸ்கிருதப் பட்டங்கள் பல பெற்றார்.

பட்டங்களைக் கொண்டு ஏதாவது சமஸ்தானத்தில் வித்வானாக அமர்ந்திருக்கலாம். அவரோ யோகத்தை முழுமையாக அறிந்த ஒரு குருவைத் தேடினார். இமயத்துக்கு அப்பால் கயிலை மானசரோவரம் பகுதியில் ராமமோகன பிரம்மசாரி என்னும் குருவிடம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் தங்கிக் கற்றதாகக் கூறியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் குரு கேட்ட தட்சிணை பொன்னோ பொருளோ அல்ல. ஊருக்குத் திரும்பிப் போய்த் திருமணம் செய்துகொள்ள வேண்டும், குழந்தைகளை வளர்க்க வேண்டும், இல்லறத்தில் இருந்துகொண்டே யோகத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதுதான். அவர் வெவ்வேறு சமயங்களில் சொன்ன ஆண்டுக் கணக்குகள் ஒன்றோடொன்று முழுவதும் பொருந்தவில்லை என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தட்சிணையை அவர் வாழ்நாள் முழுவதும் செலுத்தினார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

காப்பித் தோட்டத்தில் வேலை

1920களில் மைசூர் திரும்பி, நாமகிரியம்மாளை மணந்தார். யோகம் சொல்லிக் கொடுத்துக் குடும்பம் நடத்துவது அன்று எளிதாக இல்லை. யோகி என்றால் சாம்பல் பூசிய பரதேசி, அல்லது தெருவில் வித்தை காட்டிக் காசு கேட்பவன் என்றுதான் படித்தவர்கள் நினைத்தார்கள். ஆறு சாஸ்திரம் படித்த பண்டிதர் போயும் போயும் இதையா தொழிலாகக் கொள்வது என்று உறவினரும் மற்றவரும் வியந்தனர்.

பிழைப்புக்காக ஹாசன் மாவட்டத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளர் வேலையில் சேர்ந்தார். பஞ்சகச்சமும் திருமண்ணுமாக இருக்க வேண்டியவர், அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்டு, கையில் தடியுடன் தோட்டத்தைச் சுற்றி வந்தார். மனைவியின் பழைய புடவையைக் கிழித்துக் கோவணமாக உடுத்தும் அளவுக்கு வறுமை இருந்தது என்று கூறுவர். பிழைக்க வந்த இடத்தில் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையை ஏற்பவர்களுக்கு இந்தக் கட்டம் புதிதாகத் தோன்றாது.

ஓய்வு நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை. சுற்றுப்புற ஊர்களில் யோகத்தைப் பற்றிப் பேசினார், ஆசனங்களைச் செய்து காட்டினார். 1927இல் ஹாசனில் நடந்த அப்படி ஒரு நிகழ்ச்சியைக் கண்டு மயங்கிய பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மறுநாளே அவரைத் தேடிப் போய் மாணவனானான். அந்தப் பையன்தான், பிற்காலத்தில் கோகுலத்துக்கு வெளிநாட்டினரை வரவழைத்த பட்டாபி ஜோயிஸ். அவர் 2009இல் மறைந்தார்.

ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை

அப்போது மைசூரை ஆண்டவர் நாலாம் கிருஷ்ணராஜ உடையார். 1902 முதல் 1940 வரை அவர் ஆண்ட காலத்தில்தான் கண்ணம்பாடி அணை எழுந்தது. கல்வியிலும் தொழிலிலும் புதுமைகளைப் புகுத்திய அந்த மன்னருக்கு, பழைய கலைகளையும் புதிய முறையில் வளர்க்க வேண்டும் என்ற ஆர்வம் இருந்தது. கிருஷ்ணமாச்சாரியாரின் சொற்பொழிவுகள் பெயர் பெறவே, 1931இல் மைசூர் சமஸ்கிருதக் கல்லூரியில் கற்பிக்க அழைப்பு வந்தது. 1933இல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியில் யோகசாலை தொடங்க மகாராஜா இடம் கொடுத்தார். கைப்பிடிக் கயிறுகள் தொங்கும் பழைய தேகப்பயிற்சிக் கூடம் அது.

மைசூருக்குத் தேகப்பயிற்சி புதிதல்ல. தசராவில் குஸ்தியும், ஜெட்டிகள் கையில் முள்வளையம் பூண்டு மோதும் வஜ்ரமுஷ்டியும் நெடுங்காலமாக நடந்தவை. பேட்டைக்குப் பேட்டை கரடி மனை என்னும் பயில்வான் கூடம் இருந்தது. தமிழ்நாட்டில் தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை, சிலம்பம் எப்படியோ, இங்கே இவை அப்படி. அதே அரண்மனையில், 1799 முதல் 1868 வரை மன்னராக இருந்த மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தொகுத்த ஸ்ரீதத்துவநிதி என்னும் படநூலில் 122 ஆசனங்களின் வண்ணப் படங்கள் உள்ளன. ஹடயோகப் பிரதீபிகை விளக்கும் ஆசனங்கள் பதினைந்து. கேரண்ட சம்ஹிதை கூறுபவை முப்பத்திரண்டு. அதோடு ஒப்பிட்டால் மைசூர் அரண்மனையில் இந்தக் கலை எவ்வளவு விரிந்திருந்தது என்பது விளங்கும்.

இன்னொரு பக்கம் மேல்நாட்டுத் தேகப்பயிற்சி அலை வீசிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் புகழ் பெற்ற சாண்டோ 1905ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவுக்கு வந்து தம் உடற்கட்டைக் காட்டிச் சென்ற பிறகு, ஊருக்கு ஊர் இளைஞர்கள் டம்பெல் தூக்கினார்கள். சென்னையில் 1920இல் அமெரிக்கரான ஹாரி பக், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். பெங்களூரில் கே.வி. ஐயர் நடத்திய வியாயாமசாலை நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. ஐயரின் மாணவர் ஒருவர் ஜகன்மோகன் அரண்மனையிலேயே தசைப்பயிற்சி வகுப்பு நடத்தினார். ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் எடை தூக்கும் பயிற்சி, மறு பக்கம் யோகாசனம். ஒன்றின் சாயல் மற்றொன்றில் விழாமல் இருந்திருக்க முடியாது.

கிருஷ்ணமாச்சாரியாரின் மைசூர் முறையில் கரடி மனையின் வேகமும், பள்ளி டிரில்லின் ஒழுங்கும் கலந்திருக்கின்றன என்று இன்றைய ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். எல்லாம் குருவிடமும் சாஸ்திரத்திலும் கற்றவையே என்பது அவர் வழி வந்தவர்களின் கருத்து. எது எப்படியாயினும், மூச்சை அசைவோடு இணைத்ததுதான் அவர் தந்த தனி முத்திரை. கையை உயர்த்தும்போது மூச்சை இழுக்க வேண்டும். குனியும்போது விட வேண்டும். மூச்சு தடுமாறினால் பயிற்சி அளவு மீறி விட்டது என்று பொருள்.

கண்டிப்பான குரு

யோகசாலையின் மாணவர்களில் பெரும்பாலோர் அரச வம்சத்தைச் சேர்ந்த அரசு குலச் சிறுவர்கள். துள்ளும் வயது, ஓரிடத்தில் உட்காராதவர்கள். அவர்களுக்காக ஆசனங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இடைவிடாமல் செய்யும் வேகமான வரிசையை ஆசான் அமைத்தார். இன்று உலகெங்கும் பரவியுள்ள வியர்வை கொட்டும் யோகாசன முறைகளின் வித்து இதுவே.

மகாராஜாவின் விருப்பப்படி மாணவர்களை அழைத்துக்கொண்டு பல ஊர்களுக்கும் போய் ஆசனங்களைச் செய்து காட்டினார். கூட்டத்தை இழுக்க வேண்டுமே! நாடித் துடிப்பை நிறுத்திக் காட்டினார். பற்களால் பாரம் தூக்கினார். ஓடும் காரைக் கையால் நிறுத்தினார் என்றும் சொல்வார்கள். 1930களில் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் கருவியோடு வந்து அவருடைய இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். கையில் நாடி தெரியாமல் போவதும் இதயமே நின்று போவதும் ஒன்றல்ல என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. இத்தகைய வித்தைகளை முதுமையில் அவரே பெரிதாகக் கருதவில்லை.

1934இல் அவர் கன்னடத்தில் எழுதிய யோக மகரந்தம் மைசூரில் வெளியாயிற்று. 1938இல் அதன் தமிழ்ப் பதிப்பு மதுரையில் அச்சாயிற்று. அதே 1938இல் எடுக்கப்பட்ட பேசாத படம் ஒன்றில் ஆசானும், மனைவி நாமகிரியம்மாளும், பெண் குழந்தைகளும் ஆசனம் செய்வதை இன்றும் காணலாம். பெண்கள் வெளியில் வருவதே குறைவாக இருந்த காலத்தில், தம் வீட்டுப் பெண்களுக்கு அவர் இதைக் கற்பித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

நாமகிரியம்மாளின் தம்பி 1934இல் மைசூருக்கு வந்து சேர்ந்தார். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று நோய் மேல் நோய் கண்டு, எலும்பும் தோலுமாக இருந்த சிறுவன். அக்காவின் கணவரிடம் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆசானின் கோபத்துக்கு அஞ்சாத மாணவர் இல்லை. கால்களை முன்னும் பின்னும் முழுவதுமாக விரிக்கும் அனுமானாசனத்தை முன்பழக்கம் இல்லாமலே செய்யச் சொன்னதால் தமக்குத் தொடையில் தசை கிழிந்ததைப் பிற்காலத்தில் அந்த மாணவரே பதிவு செய்திருக்கிறார். அவர்தான் பி.கே.எஸ். ஐயங்கார். 1937இல் புனாவுக்கு அனுப்பப்பட்ட அவர், பின்னாளில் தம் நூல்களாலும் பயிற்சியாலும் உலகப் புகழ் பெற்று 2014இல் மறைந்தார்.

ரஷ்யாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு வெளிநாட்டுப் பெண்மணி 1937ஆம் ஆண்டு வாக்கில் யோகசாலையின் கதவைத் தட்டினார். பெண், அதிலும் வெளிநாட்டார் என்று ஆசான் மறுத்து விட்டார். மகாராஜா சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். கடுமையான உணவு விதிகளையும் நேர விதிகளையும் விதித்துப் பார்த்தார். அந்த அம்மையார் எல்லாவற்றையும் கடைப்பிடித்துக் காட்டவே, மறுத்தவரே மனமுவந்து கற்பித்தார். இந்திரா தேவி என்று பெயர் பெற்ற அவர் பின்னர் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் யோகப் பள்ளி தொடங்கினார். நூறு வயதைக் கடந்து 2002இல் காலமானார்.

ஆதரவு போனது

1940இல் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். அடுத்து வந்த ஜயசாமராஜ உடையாரின் காலத்திலும் யோகசாலை நடந்தது. ஆனால் பழைய ஊக்கம் இல்லை. மாணவர்கள் குறைந்தார்கள். 1947இல் நாடு விடுதலை பெற்றது. சமஸ்தானம் இந்தியாவில் இணைந்தது. அரண்மனைச் செலவில் நடந்த பல காரியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. 1950இல் யோகசாலையும் மூடப்பட்டது.

அப்போது கிருஷ்ணமாச்சாரியாருக்கு அறுபத்திரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வளர்ந்த பிள்ளைகளும் வளரும் பிள்ளைகளுமாகப் பெரிய குடும்பம். அரசாங்க உத்தியோகமாக இருந்தால் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்காரும் வயது. அவரோ வேலை தேட வேண்டியிருந்தது. பெங்களூரில் சில காலம் கற்பித்தார். 1952இல், பக்கவாதத்தால் படுத்துவிட்ட புகழ் பெற்ற வழக்கறிஞர் ஒருவருக்குச் சிகிச்சை செய்யச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. போனவர் அங்கேயே தங்கி விட்டார். கன்னட நாட்டுப் பண்டிதர் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டுக்குக் குடியேறினார் என்பது, தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காக மைசூருக்கு வந்தவர்களுக்கு எளிதில் புரியும் செய்தி.

சென்னையில் விவேகானந்தா கல்லூரியில் விரிவுரையாளர் வேலையை ஏற்றார். வீடு வீடாகப் போய்ப் பாடம் சொன்னார். அரண்மனை இல்லை, அணிவகுத்து நிற்கும் இளவரசர்கள் இல்லை. வந்தவர்கள் நோயாளிகள், முதியவர்கள், முதுகு வலிக்காரர்கள், ஆஸ்துமாக்காரர்கள், தூக்கம் வராதவர்கள்.

ஒருவருக்கு ஒரு மருந்து

இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. மைசூரில் சிறுவர்களைத் துள்ள வைத்த வரிசையை, பக்கவாதம் வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியாது. வந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். என்ன வேலை, என்ன சாப்பாடு, எத்தனை மணிக்குத் தூக்கம் என்று கேட்டார். மூச்சு எவ்வளவு நீளம் என்று கவனித்தார். அதற்குப் பிறகே பயிற்சி. ஒருவருக்குக் கையைத் தூக்கி இறக்குவதே ஆசனம்; இன்னொருவருக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சு; வேறொருவருக்குப் படுத்தபடி முழங்காலை மடக்கி நீட்டுவது. ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் பார்த்துச் செய்வதை அவர் ஏற்கவில்லை.

வயதையும் மூன்றாகப் பிரித்தார். வளரும் பருவத்தில் உடம்பைக் கட்டும் பயிற்சி; அதில் வேகம் இருக்கலாம். குடும்பமும் உழைப்புமாக இருக்கும் நடுவயதில் உள்ளதைக் காக்கும் பயிற்சி. அது சுருக்கமாக, ஆனால் தவறாமல் இருக்க வேண்டும். முதுமையில் மூச்சும் தியானமும் பிரார்த்தனையும் முதன்மை பெறும். ஒரு பக்கம் வளைந்தால் அதற்கு எதிரான ஆசனத்தையும் செய்து உடம்பைச் சமன்படுத்த வேண்டும். நடுவில் ஓய்வு வேண்டும் என்பதும் அவர் விதி. ஆசானின் கோபமும் வயதோடு தணிந்து, கனிவு மேலோங்கியது என்று இரு காலத்து மாணவர்களையும் ஒப்பிட்டவர்கள் கூறுகின்றனர்.

அவருடைய மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். தந்தையின் தொழிலில் நாட்டமில்லாதவர். 1960களின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, காரில் வந்து இறங்கிய நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர், ஆசாரமான தம் தந்தையை நன்றியோடு கட்டிக்கொண்டதைக் கண்டு திகைத்துப் போனார். பல ஆண்டுகளாக மாத்திரை இல்லாமல் தூக்கமே வராதிருந்த அந்த அம்மையார், முந்தைய இரவு மாத்திரை இல்லாமல் தூங்கியிருந்தார். இங்கிலீஷ் சரிவரத் தெரியாத தந்தை இதைச் சாதித்தார் என்று அறிந்த மகன், கிடைத்த உத்தியோகத்தை விட்டுவிட்டு அவரிடமே மாணவரானார். 1976இல் தந்தையின் பெயரில் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார். தேசிகாச்சார் 2016இல் மறைந்தார். மந்திரம் இன்றும் நடந்து வருகிறது.

படுக்கையிலும் பயிற்சி

தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் ஆசான் அதிகாலையில் எழுந்து ஆசனமும் பிராணாயாமமும் பூஜையும் செய்து வந்தார். தொண்ணூற்றாறாம் வயதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்தார். மற்றவர்களுக்கு ஆளுக்கேற்றபடி வகுத்துக் கொடுத்தவர், இப்போது தமக்கே ஒன்று வகுத்துக்கொண்டார்: படுக்கையில் கிடந்தபடி செய்யக்கூடிய பயிற்சி. நூறாவது ஆண்டையும் கண்டு, 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சென்னையில் அமைதியாகக் கண்மூடினார்.

ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21ஐ உலக யோக தினமாக 2014இல் அறிவித்தது. 2022இல் இந்தியாவின் முதன்மை விழா நடந்தது மைசூர் அரண்மனை வளாகத்தில். ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து ஆசனம் செய்த அந்த இடத்திலிருந்து ஜகன்மோகன் அரண்மனை நடந்து போகும் தூரம்தான். பழைய யோகசாலை இருந்த அந்த அரண்மனை இன்று ஓவியக் காட்சிசாலை.

குமாஸ்தாவுக்கும் கூலித் தொழிலாளிக்கும்

தேகப்பயிற்சி பயில்வான்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியது என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. லண்டன் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஜெரி மாரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களை விட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. தபால் இலாகாவிலும் அப்படியே. நாற்காலியில் உட்கார்ந்த குமாஸ்தாக்களை விட, நடந்து போய்க் கடிதம் கொடுத்த தபால்காரர்களின் இதயம் நன்றாக இருந்தது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் இன்று கூறுகிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவு. வேகமாக நடந்தாலே போதும், காசு செலவில்லை.

பகலெல்லாம் மூட்டை தூக்குகிறவருக்கும், இயந்திரத்தின் முன் நிற்கிறவருக்கும் நிலைமை வேறு. அவர்களுக்கு உழைப்பு உண்டு. ஒரே தசைக்கு ஓயாத உழைப்பு. கிருஷ்ணமாச்சாரியாரின் கணக்குப்படி அவர்களுக்குத் தேவை இன்னும் பாரம் தூக்குவது அல்ல. குனிந்தே இருந்த முதுகை எதிர்ப்பக்கம் மெல்ல நிமிர்த்துவதும், மூச்சை நீட்டி விடுவதும், உடம்பைத் தளர்த்திப் படுப்பதும்தான். நாள் முழுவதும் மேஜையில் குனிந்திருப்பவருக்கு எழுந்து நடப்பதே முதல் ஆசனம். நெஞ்சு வலியோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே எதையும் தொடங்க வேண்டும்.

இளைஞர்கள் படத்தைப் பார்த்து, முதல் நாளே காலைத் தலைக்கு மேல் கொண்டு போக முயல்கிறார்கள். அனுமானாசனத்தில் தசை கிழிந்த மாணவரின் அனுபவம் அவர்களுக்கு எச்சரிக்கை. அந்த மாணவரைக் கண்டித்த அதே குரு, வாழ்க்கை தம்மைப் புரட்டிப் போட்ட பிறகு, பயிற்சிக்காக மனிதன் இல்லை, மனிதனுக்காகவே பயிற்சி என்னும் முடிவுக்கு வந்து சேர்ந்தார். அரண்மனை அவருக்குப் புகழைக் கொடுத்தது. ஆனால் அவருடைய முதிர்ந்த ஞானம் பிறந்தது, ஆதரவெல்லாம் போன பிறகு, ஒரு வாடகை ஊரில், ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் உட்கார்ந்து அவருடைய மூச்சைக் கேட்டபோதுதான்.